எட்டாம் தேதி தொடங்கிய வேலைநிறுத்தம்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

ஒரகடம் தொழிலாளி:

வாகன உதிரிபாக ஆலை ஒன்றில் பதினான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஆலையின் பெயர் வேண்டாம். இன்னும் அங்கேதான் சோறு. சங்கம் அமைத்த மூன்றாம் ஆண்டு நாங்கள் நடத்திய வேலைநிறுத்தம் 23 நாள் நீடித்தது. கேட்கிறவர்கள் எல்லோரும் வாயிலில் போட்ட பந்தலையும் முழக்கத்தையும் பற்றியே கேட்கிறார்கள். எனக்கு நினைவில் நிற்பது ஒரு நாற்பது பக்க நோட்டு.

அதை எங்கள் பொருளாளர் வைத்திருந்தார். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: வீட்டு வாடகை எவ்வளவு, பைக் தவணை எந்தத் தேதி, பள்ளிக் கட்டணம் எப்போது, வீட்டில் தினமும் மருந்து சாப்பிடுகிறவர் உண்டா. கேட்கப் போனபோது பலர் முகம் சுளித்தார்கள். "சங்கத்துக்கு எதற்கு என் கடன் கணக்கு?" என்று என் பக்கத்து மெஷின்காரரே சீறினார். கூட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மூன்றில் ஒரு பங்கு ஆட்களால் பதினைந்து நாளுக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியாது. அந்த வீடுகளுக்கு மட்டும் அரிசி, பருப்பு, எண்ணெய் கொடுத்தோம். எல்லோருக்கும் பிரித்திருந்தால் பத்தாம் நாளே மூட்டை காலி.

தேதியும் அந்த நோட்டிலிருந்தே வந்தது. எங்களுக்குச் சம்பளம் 7ஆம் தேதி. 8ஆம் தேதி காலை ஷிப்டில் இறங்கினோம். அந்த மாதத் தவணையைக் கட்டிவிட்டு வந்தவனுக்கு அடுத்த தவணை வரை மூச்சுவிட நேரம் இருந்தது. நோட்டீஸே வேண்டாம், நாளைக்கே வெளியேறலாம் என்று இளைஞர்கள் துடித்தார்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து, தர வேண்டிய முன்னறிவிப்பைத் தராமல் நின்றுவிட்டால் எட்டு நாள் ஊதியம் வரை பிடித்துக்கொள்ள அப்போது நடப்பில் இருந்த 1936ஆம் ஆண்டின் ஊதியச் சட்டம் இடம் தருகிறது என்று வழக்கறிஞர் சொன்ன பிறகுதான் அடங்கினார்கள்.

ஆனால் நோட்டீஸ் கொடுத்த அந்த 14 நாளில் நிர்வாகம் ஓவர்டைம் அறிவித்தது. நாங்களும் பல்லை இளித்துக்கொண்டு பார்த்தோம்! நம்மை முறிக்கப்போகும் சரக்கை நாமே இரட்டைச் சம்பளத்துக்குச் செய்து அடுக்கிய கூத்தை எங்கே போய்ச் சொல்வது? கிடங்கில் பதினொரு நாள் சரக்கு சேர்ந்திருக்கிறது என்று ஏற்றுமதிப் பிரிவு நண்பர் சொன்னபோது வேலைநிறுத்தம் தொடங்கியாகிவிட்டது. பதினொரு நாள் யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பன்னிரண்டாம் நாள்தான் கார் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். அன்று மாலையே பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள்.

இதையும் மறைக்கக் கூடாது: வெளிமாநிலத்து ஒப்பந்தத் தொழிலாளர்களை நாங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. அவர்களை வைத்து ஒரு லைனை ஓட்டினார்கள். புனேயில் வேலை பார்த்து ஹிந்தி பழகியிருந்த அண்ணன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு இரவில் அவர்கள் தங்கியிருந்த இடத்துக்குப் போனோம். பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர். மூலையில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. ஒடிசாக்காரர் ஒருவர் எங்களுக்கு டீ கொடுத்துவிட்டுக் கேட்டார்: "போன தீபாவளிக்கு உங்களுக்கு போனஸ் வந்ததே, எங்களுக்கு வந்ததா என்று யாராவது கேட்டீர்களா?" பதில் சொல்ல வாய் எழவில்லை. மறுநாள் கோரிக்கைப் பட்டியலில் அவர்களுக்காக இரண்டு வரி சேர்த்தோம். அதிலிருந்து நான்காம் நாள் அந்த லைனில் பாதிப் பேர் வரவில்லை.

கோரிக்கை பதினொன்று, கிடைத்தது ஆறு. சஸ்பெண்ட் ஆன நால்வரில் இருவர் திரும்பினார்கள். மற்ற இருவர் வழக்கு இன்னும் நடக்கிறது.

மூணாறு எஸ்டேட்டிலிருந்து:

தம்பி நோட்டைப் பற்றி எழுதியதைப் படித்தேன். எங்களிடம் நோட்டும் இல்லை, நிதியும் இல்லை. 2015 செப்டம்பரில் நாங்கள் சாலையில் உட்கார்ந்தது யாரும் திட்டமிட்டதல்ல. முந்திய ஆண்டு 19 சதவீதம் கிடைத்த போனஸ் 10 சதவீதம்தான் என்றார்கள். நாள் கூலி 232 ரூபாய். எங்கள் பேரில் சங்கங்கள் இருந்தன. தலைவர்கள் எல்லோரும் ஆண்கள். தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறவர்கள் நாங்கள், எங்களுக்கு வெட்டு என்று கையெழுத்துப் போடுகிறவர்கள் அவர்களா என்று நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில், லயத்துக்கு லயம், பேச்சுக் கிளம்பியது. ஜீப்பில் ஏறி டவுனுக்கு வந்துவிட்டோம். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். பேச வந்த தலைவர்களைத் துரத்தினோம். அப்போது கேரள எதிர்க்கட்சித் தலைவராக இருந்த வி. எஸ். அச்சுதானந்தன் வந்தபோது மட்டும் எங்களோடு உட்காரவிட்டோம்.

ஒன்பது நாள். வீட்டில் சோறு பொங்கியது யார் என்று கேட்காதீர்கள். என் வீட்டுக்காரர் பொங்கிய சோற்றைப் பிள்ளைகள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். முடிவில் 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத்தொகை, ஆக 20. கூலி 500 கேட்டோம். அடுத்த மாதம் 301 ஆனது. பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்ற எங்கள் பெயர் நாடெங்கும் போனது. பிறகு எங்களுக்குள்ளேயே பிளவு வந்தது. யார் தலைவி என்பதில் சண்டை. சாலையில் இருந்த ஒற்றுமையை மலைக்குத் திரும்பிய பின் எதில் கட்டி வைப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. சந்தா வசூல், ரசீது, மாதக் கூட்டம் இதெல்லாம் சலிப்பான வேலை என்று அன்று நினைத்தேன்.

உணவு டெலிவரி, சென்னை:

எங்கள் கதை தோல்விக் கதை. ஆர்டருக்கான தொகையைக் குறைத்ததற்கு எதிராக ஒரு சனிக்கிழமை மாலை எல்லோரும் செயலியை அணைத்துவிடுவது என்று வாட்ஸ்அப்பில் முடிவு செய்தோம். கட்டைவிரல் குறி போட்டவர்கள் இருநூறு பேருக்கு மேல். ஏழு மணிக்கு அணைத்தோம். ஏழரைக்கு, ஆர்டருக்குக் கூடுதல் ஊக்கத்தொகை என்று அறிவிப்பு வந்தது. எட்டரைக்குப் பாதிப் பேர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். யார் ஓடுகிறார் என்று எனக்குத் தெரியவில்லை, நான் நிற்கிறேன் என்று அவருக்கும் தெரியவில்லை. ஒரகடம் அண்ணன் சொன்ன மாதிரி எல்லோரும் கூடி நிற்க ஆலை வாசல் எங்களுக்குக் கிடையாது. அடுத்த முறை அவரவர் வீட்டில் இருக்காமல், நிறைய ஆர்டர் புறப்படும் உணவகத் தெருவிலேயே வண்டிகளை நிறுத்தினோம். நாற்பது பேர்தான். ஆனால் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு நின்றதால் அன்று ஒருவரும் நழுவவில்லை. தொகை ஏறவில்லை, முடக்கிய மூவரின் கணக்கை மட்டும் திறந்துவிட்டார்கள்.

திருப்பூர், ஓய்வு:

1984இல் பஞ்சப்படிக்காக, அதாவது விலைவாசிக்கு ஏற்ற படிக்காக, 127 நாள் வேலைநிறுத்தத்தில் நின்றோம். எனக்கு அப்போது பத்தொன்பது வயது, பனியன் கம்பெனியில் கைமடி, துணியை மடித்துக் கொடுக்கும் வேலை. எங்கள் ஊர்க்காரர்கள் தெருத்தெருவாகப் போய்ச் சோளமும் அரிசியும் வாங்கி வந்தார்கள். வாங்கியதை எழுதி வைத்தார்கள், கொடுத்ததையும் எழுதி வைத்தார்கள். அரைப்படி குறைந்தால் மறுநாள் பேச்சு நாறிவிடும்.

தொழிலாளர் துறையில் எழுத்தராக இருந்தவன்:

ஓர் எச்சரிக்கை. 2020இன் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் எல்லாத் தொழிலுக்கும் 14 நாள் நோட்டீஸ் கேட்கிறது. தொழிலாளர் துறை அதிகாரி முன் சமரசப் பேச்சு நடக்கும்போதும், முடிந்து ஏழு நாள் வரையும் வேலைநிறுத்தம் கூடாது. பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தம். பழைய உத்திகளை அப்படியே எடுத்துக்கொண்டு போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். நோட்டீஸ் எழுதும் முன்பே ஓவர்டைமை நிறுத்துங்கள்.

மூணாறு எஸ்டேட்டிலிருந்து:

தம்பி, அந்த ஒடிசாப் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது? அதை எழுதவில்லையே.

ஒரகடம் தொழிலாளி:

கேட்பீர்கள் என்று தெரியும், அக்கா. ஒரு வரி நிறைவேறியது: கேன்டீனில் இப்போது ஒரே வரிசை, ஒரே சாப்பாடு. போனஸ் வரியைக் கடைசி நாள் பேச்சுவார்த்தையில் விட்டுக்கொடுத்தோம். விட்டுக்கொடுத்த குழுவில் நானும் இருந்தேன். டீ கொடுத்த அந்த மனிதர் அடுத்த பொங்கலுக்குள் வேலையை விட்டுப் போய்விட்டார். இந்த முறை நோட்டில் அவர்கள் பெயர்களையும் எழுதுகிறோம். ஹிந்தி அண்ணன் வாரம் இரண்டு இரவு போய் வருகிறார். இதுவரை முப்பத்தோரு பெயர்.