நேர்பொரிப்பு: முட்டையிலிருந்து தவளையாகவே வெளிவருவதற்கு ஒரு சொல்

அன்புடையீர், வணக்கம்.

தலைப்பிரட்டைப் பருவம் இல்லாமல் முட்டையிலிருந்து தவளையாகவே வெளிவருவதைக் குறிக்க ‘நேரடி வளர்ச்சி’ என்ற சொல்லே போதும் என்று ஐயா எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. தனியாக வாசித்தால் அது பொருளாதாரப் பக்கத்துச் சொல்லாகத்தான் தெரிகிறது.

எதற்குச் சொல் தேடுகிறோம் என்பதை ஒரு தவளையை வைத்தே பார்ப்போம்: ராவோர்செஸ்டஸ் சலாசோடஸ். 1876இல் விலங்கியலாளர் குந்தர் விவரித்த பச்சைப் புதர்த்தவளை. நூறாண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் இருந்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மீண்டும் கிடைத்தது. களக்காடு-முண்டந்துறைக் காட்டில் அதன் வாழ்க்கையைக் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள். மூங்கில் தண்டில் ஒரு சிறு கீறல். அதன் வழியே உடம்பை நெருக்கிக்கொண்டு நுழைகிறது. கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே உள்ள அந்த இருட்டறையில்தான் முட்டைகள். ஆண் கூடவே இருந்து காக்கும். நீரில் நீந்தும் பருவமே கிடையாது. கால் முளைப்பதெல்லாம் முட்டைக்குள்ளேயே முடிந்து, சின்னஞ்சிறு தவளையாக வெளியே வரும்.

இதற்கே நம் குழுவில் அம்மா ஒருவர் முன்வைத்த ‘தலைப்பிரட்டையிலி’ அழகான சொல்தான். ஆனால் தான்சானியாவில் சில தேரைகள் குட்டித் தேரைகளையே ஈனுகின்றன. அங்கும் வெளியே தலைப்பிரட்டை இல்லை, முட்டையும் வெளியே வருவதில்லை. இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கக் கூடாது.

ஆகவே என் பரிந்துரை ‘நேர்பொரிப்பு’. முட்டை உண்டு, பொரிக்கிறது, பொரிந்ததும் தவளை. மூன்றும் இதில் அடங்கிவிடுகின்றன. ‘குஞ்சு’ என்பதை வேண்டுமென்றே தவிர்த்தேன்: தலைப்பிரட்டையையே தவளைக்குஞ்சு என்பவர்கள் பலர். பொரிப்பு என்றால் எண்ணெய்ச் சட்டி நினைவுக்கு வராதா என்று கேட்கலாம். கோழிப் பண்ணைக்காரர்கள் ‘குஞ்சு பொரிப்பகம்’ என்று தயங்காமல்தானே சொல்கிறார்கள்?

வகைப்பாட்டை எழுதும்போதும் இது கைகொடுக்கும். மரத்தவளைக் குடும்பத்திலேயே நுரைக்கூடு கட்டித் தலைப்பிரட்டைகளை நீரில் விழவைப்பவை உண்டு. ராவோர்செஸ்டஸ், இலங்கையின் சூடோஃபிலாட்டஸ் ஆகிய பேரினங்கள் நேர்பொரிப்புத் தவளைகள். நம் தவளையை முதலில் இக்சாலஸ் என்ற பேரினத்தில் வைத்தார்கள், பிறகு ஃபிலாட்டஸில். 2010இல்தான், தவளை ஆய்வில் முன்னோடியான நாராயண் ராவ் பெயரால் ராவோர்செஸ்டஸ் பேரினம் அமைந்தது. அவர் பெயர் உள்ளே இருப்பதால் ‘ராவோர்செஸ்டஸ்’ என்பதைத் தமிழாக்காமல் ஒலிபெயர்ப்பாகவே விடுவோம்.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கக் காத்திருக்கிறேன்.