கிராஸ் பட்டி: துணிக் கணக்கும் கோடு பொருத்துவதும் (புதுப்பிப்பு)

வளைவான ஓரமுள்ள குவில்ட்டுக்கு (அடுக்குத் துணிப் போர்வை), சதுரத் துணியிலிருந்து ஒரே நீளமாகக் கிராஸ் பட்டி, அதாவது இழைக்குச் சாய்வாக வெட்டும் ஓரப் பட்டி, வெட்டும் முறையை முன்பு எழுதியிருந்தேன்: சதுரத்தை மூலைக்கு மூலை வெட்டி, இணைகரமாகத் தைத்து, பட்டி அகலத்துக்கு ஒரு கோடு போட்டு, எதிர்ப்பக்கங்களைக் குழாயாக மூட்டி, கோட்டின் வழியே சுற்றிச் சுற்றி வெட்டுவது. எவ்வளவு துணி வேண்டும், குழாயாக மூட்டும்போது கோடு ஏன் விலகுகிறது என்று கேட்டிருந்தீர்கள்.

கணக்கு சுலபம். சதுரத்தின் பரப்பைப் பட்டியின் அகலத்தால் வகுங்கள். 30 அங்குலச் சதுரத்துக்கு 900, 2.5 அங்குலப் பட்டி என்றால் 360 அங்குலம் வரும். தையலில் கொஞ்சம் போகும், தாராளமாகவே வாங்குங்கள்.

கோடு விஷயத்தில்தான் நிதானம் வேண்டும். முதல் கோட்டை எதிர்ப்பக்கத்தின் இரண்டாவது கோட்டோடு சேர்க்க வேண்டும். ஒரு பட்டி அகலம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், அது சரிதான். துணி விளிம்பில் கோடுகளைப் பொருத்தினால் தைத்ததும் விலகிவிடும். விளிம்பிலிருந்து கால் அங்குலம் உள்ளே, தையல் ஓடும் இடத்திலேயே ஒவ்வொரு கோட்டுக்கும் குண்டூசி குத்திப் பொருத்துங்கள். தையல் நெருக்கமாக, 1.5 மில்லிமீட்டர் இருக்கட்டும். கத்தரி அதன் குறுக்கேதான் போகும்.

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பக்கம் பாத்தேக் துணி வாங்குகிறவர்களுக்கு ஒன்று: மெழுகால் மறைத்துச் சாயமிடும் பாத்தேக்கில் இரு பக்கமும் சாயம் ஏறியிருக்கும். வெட்டுமுன் நல்ல பக்கத்தைச் சாக்கட்டியால் குறித்துவிடுங்கள். இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள். கிராஸ் துணி சட்டென்று நீண்டுவிடும்.