செத்த மதர்போர்டை வாரன்டிக்கு அனுப்பினவங்க, உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

ரெண்டு வருஷம் ஆகப்போகுது, எனக்கு இன்னும் மனசு ஆறல. ஒரு நாள் காலைல பவர் பட்டனை அமுக்கினா ஃபேன் அரைச் சுத்து சுத்திட்டு நின்னுடுச்சு. ராமை மாத்தி, சிமாஸ் பேட்டரியைக் கழட்டி மாட்டி, வேற எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) போட்டு, போர்டைக் கேபினட்டை விட்டு வெளியே எடுத்து அட்டைப்பெட்டி மேல வெச்சு... நீங்க எல்லாரும் செஞ்சதுதான். போனது போர்டுதான்னு உறுதியானதும் ஆர்எம்ஏ, அதாவது வாரன்டில திருப்பி அனுப்புறதுக்கான கோரிக்கை, போட்டு அனுப்பிட்டேன். வாரன்டி முடிய ஒன்பது மாசம் பாக்கி இருந்தது.

பன்னிரண்டாம் நாள் ஒரு மெயில். உள்ளே ஒரே ஒரு போட்டோ. ப்ராசஸர் உட்கார்ற சாக்கெட்டோட இடது ஓரம், ரொம்பக் கிட்டக்க எடுத்தது. வரிசையா நிக்கிற பின்களுக்கு நடுவுல மூணு மட்டும் பக்கத்துப் பின் மேல சாஞ்சு கிடக்கு. சுத்தி சிவப்பு வட்டம். கீழே, "வாடிக்கையாளரால் ஏற்பட்ட சேதம், வாரன்டி செல்லாது."

ப்ராசஸரைக் கழட்டினப்போ நான் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். எல்லா பின்னும் நேராதான் இருந்தது. ஆனா போட்டோ எடுக்கல. சாக்கெட்டோட பிளாஸ்டிக் மூடியும் கையில இல்ல, அது போர்டு வாங்கின அன்னைக்கே குப்பைக்குப் போயிடுச்சு. வழியில நசுங்குச்சா, அங்க பிரிக்கும்போது கை பட்டுச்சா, இல்ல நான்தான் சரியாப் பார்க்கலையா?

*

எனக்கு மறுக்கல, மாத்தியே தந்தாங்க. கவரைப் பிரிச்சா சாக்கெட் லீவர் ஓரத்துல ப்ராசஸர் மேல தடவுற தெர்மல் பேஸ்ட், காய்ஞ்சுபோனது. அதுல ஒரு விரல் ரேகை. யாரோட விரல்னு தெரியாது, என்னோடது இல்ல. புது போர்டு வரும்னு இருபது நாள் காத்திருந்தவனுக்கு யாரோ கழிச்சுவிட்டதைச் சரிபண்ணி அனுப்பியிருக்காங்க. கேட்டா, விதிமுறையிலேயே அப்படித்தான் இருக்குன்னு பதில். போய்ப் படிச்சேன், இருக்கு. வாரன்டியும் புதுசா ஆரம்பிக்கல, பழசுல மிச்சம் இருந்த நாள்தான். போர்டு இன்னைக்கும் ஓடுது. இருந்தாலும் கேபினட்டைத் திறக்கும்போதெல்லாம் அந்த ரேகை ஞாபகம் வருது.

*

முதல் பதிவு போட்ட நண்பருக்கு: கோவிச்சுக்காதீங்க, இதுல சர்வீஸ் சென்டரை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. இன்டெலோட எல்ஜிஏ 1700 சாக்கெட்ல 1700 பின், ஏஎம்டியோட ஏஎம்5ல 1718. மூடி இல்லாம அனுப்பினா எது பட்டாலும் வளையும். மூடி இல்லாத போர்டை எடுத்துக்க மாட்டோம்னு எழுதியே வெச்சிருக்கிற கம்பெனிகளும் உண்டு. பழைய ஏஎம்4ல பின் ப்ராசஸர் பக்கம் இருந்ததால போர்டு மேல இந்தச் சண்டையே வராது.

என் கதை சின்னது. 2011 ஜனவரி கடைசில இன்டெல் தன்னோட 6 சீரிஸ் சிப்செட்ல பிழை இருக்குன்னு அறிவிச்சது ஞாபகம் இருக்கும், நாள் ஆக ஆக ஹார்டு டிஸ்க் மாட்டுற, விநாடிக்கு 3 கிகாபிட் வேக சாட்டா போர்ட்டுகள் தேயும்னு. என்கிட்ட அந்த போர்டுதான் இருந்தது. கொண்டுபோனேன், பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காம வேற பெட்டி எடுத்துக் கொடுத்தாங்க. பிழை தங்களோடதுன்னு கம்பெனியே ஒத்துக்கிட்டா மட்டும்தான் அவ்வளவு சுலபம். மத்த நேரத்துல நாமதான் நிரூபிக்கணும். அதனால இனி அனுப்புறவங்க கவனிங்க. சாக்கெட்டும் சீரியல் நம்பர் ஸ்டிக்கரும் ஒரே படத்துல தெரியற மாதிரி போட்டோ எடுங்க. பேக் பண்றதை வெட்டாம வீடியோ எடுங்க. எம்.2 எஸ்எஸ்டியைக் கழட்ட மறக்காதீங்க, ஹீட்சிங்க் அடியில இருக்கறதால பலர் அதோடவே அனுப்பிடறாங்க. ஆன்டி ஸ்டேடிக் கவர்ல போட்டு, அதுக்கு மேலதான் பபுள் கவர். சிபியு, டிராம், விஜிஏ, பூட்னு நாலு எல்இடி இருந்தா எதுல நிக்குதுன்னு டிக்கெட்ல எழுதுங்க. அதுக்கும் முன்னாடி, போர்டு நிஜமாவே செத்துடுச்சான்னு பாருங்க. ப்ராசஸருக்குப் போற 8 பின் பவர் கேபிளை மாட்டாம விட்டவங்களை நானே பார்த்திருக்கேன். டிடிஆர்5 போர்டு முதல் தடவை ஆன் ஆகும்போது மெமரி ட்ரெய்னிங்குக்குச் சில நிமிஷம் கறுப்புத் திரையிலேயே நிக்கும், அதைப் பார்த்து பயந்து பவரை ஆஃப் பண்ணிடாதீங்க. புது ப்ராசஸருக்குப் பழைய பயாஸ் (போர்டைக் கிளப்பிவிடுற மென்பொருள்) இருந்தாலும் டிஸ்ப்ளே வராது. ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்தா ப்ராசஸர் இல்லாமலே பென்டிரைவ்ல இருந்து பயாஸை ஏத்திடலாம்.

*

அவர் மனசுல இருக்கறதைக் கொட்டினாரு, பேக் பண்றது எப்படின்னு கேட்கலையே.

என்னோடது அக்கா லேப்டாப். வாரன்டியில டெக்னீஷியன் வீட்டுக்கே வந்தாரு, முக்கால் மணி நேரத்துல போர்டை மாத்திட்டாரு. பவர் போட்டதும் நீலத் திரை, டிஸ்கைப் பூட்டி வெச்சிருக்கிற பிட்லாக்கரோட 48 இலக்க ரெகவரி கீ கேட்குது. "கீ வெச்சிருக்கீங்களா?"ன்னாரு. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தா. அவளோட ஆய்வேடு முழுக்க அந்த டிஸ்க்லதான். அந்தப் பூட்டோட சாவியை வெச்சிருந்த டிபிஎம் சிப் பழைய போர்டோட போயிடுச்சு. டேட்டாவுக்கு நாங்க பொறுப்பில்லைன்னு கையெழுத்து வாங்கிட்டு அவர் கிளம்பிட்டாரு. லேப்டாப் வாங்கின அன்னைக்கு உருவாக்கின மைக்ரோசாஃப்ட் கணக்குல அந்த கீ இருந்தது. அந்தக் கணக்கோட பாஸ்வேர்டை மீட்கவே ரெண்டு நாள் ஆச்சு. அந்த ரெண்டு நாளும் அக்கா சரியாச் சாப்பிடல.

*

முதல் பதிவு போட்டவன்தான். மூடி விஷயத்துல தப்பு என்னோடதுதான், மறுக்கல. ஆனா ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு. போர்டு அப்படியே திரும்பி வந்தது. பூதக்கண்ணாடியும் மெல்லிசு ஊசியும் வெச்சு, ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து, மூணு பின்னையும் நிமிர்த்தினேன். ப்ராசஸரைப் போட்டு பவர் கொடுத்தேன். ஃபேன் அரைச் சுத்து சுத்திட்டு நின்னுடுச்சு, முதல் நாள் காலைல நின்ன மாதிரியே.

அது பின் வளைஞ்சு சாகல. இதை எழுதி மெயில் போட்டேன். டிக்கெட் மூடப்பட்டதுன்னு தானியங்கிப் பதில் மட்டும் வந்தது.