கடைசிக் காம்பரா அம்மாயி

இலங்கை மலையகத்து நம்ம தேயிலைத் தோட்டத்து உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

கடைசிக் காம்பராவில் (அறையில்) இருந்த அம்மாயி தவறிவிட்டார். செவ்வாய்க்கிழமை விடியற்காலை, தூக்கத்திலேயே உயிர் போயிருக்கிறது. மறுநாள் பின்நேரம் அடக்கம். அன்றைக்கு மேட்டு லயம், பணிய லயம் என்று வரிசை வீடுகள் எல்லாம் அரை நாளோடு மலையை விட்டு இறங்கிவிட்டதாம். தப்பு அடித்து, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரை வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும் என்று மகள் பிடிவாதமாகச் சொல்லி, அப்படியே கொண்டுபோனார்கள் என்று தம்பி போனில் சொன்னான்.

அம்மாயி யார் என்று நம்மில் மூத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இப்போது இந்தக் குழுவில் நம்முடைய பிள்ளைகளும் இருக்கிறார்கள். லயத்தை விடுமுறைக்கு மட்டும் பார்த்தவர்கள், அல்லது பார்க்காமலே டோஹாவிலும் லண்டனிலும் வளர்ந்தவர்கள். அவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

எட்டுக் காம்பரா லயத்தில் பீலிக்கு இறங்கும் பாதையை ஒட்டினது அம்மாயியுடையது. தண்ணீருக்குப் போகிறவர்களும், பள்ளிக்கூடம் விட்டு வருகிறவர்களும் அவருடைய இஸ்தோப்பை, அதாவது முன் திண்ணையை, தாண்டித்தான் போக வேண்டும். மழைக்காலத்தில் குறுக்குப் பாதையால் வந்தால் காலெல்லாம் அட்டை. அம்மாயி நம்மைத் திண்ணையில் உட்கார வைத்து, வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பை விரல் நுனியில் எடுத்து அட்டையின் தலைப்பக்கம் ஒரு தொடு தொடுவார். அது சுருண்டு விழும். பிய்த்து இழுத்தால் புண்ணாகும் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். பெருவிரலிலும் சுட்டு விரலிலும் தேயிலைக் கொழுந்துக் கறை வெடிப்புக்குள் இறங்கிக் கறுத்துப் போயிருக்கும். பென்சன் வாங்கி வீட்டோடு இருந்த காலத்திலும் அந்தக் கறை போகவில்லை. அப்புறம் உள்ளங்கையில் கொஞ்சம் சீனியும் ஒரு கோப்பைச் சாயத்தண்ணியும் (வெறும் தேநீர்). சீனியை நக்கிக்கொண்டே குடிக்க வேண்டும். யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்வியே கிடையாது.

நான் முக்கியமாக எழுத நினைத்தது அவருடைய ஞாபகத்தைப் பற்றி. நம் லயத்துக்குப் பிறப்புப் பதிவுப் புத்தகம் என்று ஒன்று இருந்தது என்றால் அது அம்மாயியின் தலைக்குள்தான் இருந்தது. அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது, இங்கிலீஷ் மாசமும் தெரியாது. அவர் வருசத்தைக் கணக்கு வைத்தது கவ்வாத்தை, அதாவது தேயிலைச் செடியை வெட்டி விடுவதை, வைத்து. மலைக்கு நம்பர் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஒரு மலையை வெட்டினால் திரும்ப அதே மலைக்குக் கத்தி வர மூன்று நான்கு வருசமாவது ஆகும். ஆகவே, "ஏழாம் நம்பர் கவ்வாத்து வெட்டி, துளிர் வந்த நேரம் நீ பொறந்த. உங்கம்மா அப்ப பதினோராம் நம்பர்ல கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்துச்சு, வலி வந்து அங்கேருந்துதான் தூக்கிட்டு வந்தோம்" என்று சொன்னால், அதில் வருசமும் இருக்கும், மாசமும் இருக்கும்.

இது வெறும் கதை இல்லை. பணிய லயத்து அக்கா ஒருத்தருக்குப் பிறப்புப் பதிவே கிடையாது. ஓ.எல் பொதுப் பரீட்சைக்கு அடையாள அட்டை வேண்டும். அரசாங்கக் கச்சேரிக்கும் தோட்டத்து ஆபீசுக்கும் அலைந்து அலைந்து அவருடைய அப்பா களைத்துப் போனார். அம்மாயி தானே இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை அவிழ்த்து வைத்துவிட்டு ஆபீசுக்குப் போய், எந்த மலை கவ்வாத்து நடந்தபோது அந்தப் பிள்ளை பிறந்தது என்று கிளாக்கரிடம் சொன்னார். அந்த மனுசன் நல்லவர். பழைய புத்தகங்களை இறக்கி அந்த மலை வெட்டின வருசத்தைப் பார்த்தார், பிறகு அந்த வருசத்துச் செக்றோல் என்கிற சம்பளப் புத்தகத்தைப் புரட்டினார். அக்காவின் அம்மாவுக்குப் பிள்ளைப்பேற்றுக் காசு கொடுத்த கணக்கு அங்கே இருந்தது. அம்மாயி சொன்ன மாசம்தான். அந்த அக்கா இன்றைக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் அதிபர். இந்த மடலையும் வாசிப்பார்.

பேப்பர் இல்லாத மனுசருக்கு என்ன நடக்கும் என்று அம்மாயிக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. 1948இல் நம்மை நாடற்றவராக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது அவர் சிறுபிள்ளை. அடுத்த வருசம் வாக்கும் போனது. 1964 ஒக்டோபர் 30இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரைப் பத்து வருசம் கழித்துப் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். அம்மாயியின் தங்கச்சி வீட்டில் இந்தியாவுக்கு மனுப் போட்டார்கள். அம்மாயியின் புருசன், தாத்தா, எந்தப் பக்கத்துக்கும் போடவில்லை. "நான் பொறந்த எடத்துல இருக்கிறதுக்கு நான் ஏன் மனு எழுதணும்?" என்று கேட்டாராம். தங்கச்சி குடும்பம் ஹட்டனில் கோச்சி (ரயில்) ஏறி, தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் பிடித்து, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் கூடலூர்ப் பக்கம் தமிழ்நாட்டு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் போய்ச் சேர்ந்தது. அங்கேயும் கொழுந்துதான். அக்காவும் தங்கச்சியும் அதற்குப் பிறகு ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. கப்பல் ஓடிய காலத்தில் அம்மாயிக்குக் கடவுச்சீட்டு எடுக்கப் பிரஜாவுரிமை இல்லை. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது கிடைத்தபோது கப்பல் நின்று நான்கு வருசம் ஆகியிருந்தது. விமானத்தில் போக எங்கே காசு?

ஆகவே கடிதம்தான். நம்மில் எத்தனை பேர் அந்தக் கடிதங்களை எழுதியிருக்கிறோம்! ஞாயிற்றுக்கிழமை பின்நேரம் அம்மாயி வான்கடிதத் தாளோடு வந்து உட்கார்ந்தால், அந்த வருசம் நன்றாக எழுதுகிற பிள்ளை யாரோ அதற்கு வேலை வந்துவிடும். கோதுமை மா விலை, அரிசி விலை, யார் வீட்டில் பெண் பெரியவளானது, எந்த மலையில் புதுக்கன்று வைத்தது, மாரியம்மன் திருவிழாவுக்கு எவ்வளவு வசூலானது என்று சொல்லிக்கொண்டே போவார். நடுவில் குரல் உடைந்துவிடும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அழுதேன்னு எழுதிறாதப்பா, அது அங்கே சோறு திங்காது" என்பார். எழுதி முடித்ததும் முழுவதையும் வாசித்துக் காட்ட வேண்டும். ஒரு வரி விட்டுப்போனால் கண்டுபிடித்துவிடுவார்.

சாதுவான கிழவி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அவருடைய சத்தம் கீழ்ப்பாதை வரை கேட்கும். சாக்குக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவு என்று தராசில் கிலோ கழிப்பது நமக்கெல்லாம் தெரிந்த கொடுமை. வெயில் அடிக்கிற நாளில் தண்ணிக்குக் கழித்தால் அம்மாயி கூடையைத் தராசிலிருந்து எடுக்க விடமாட்டார். "இதுல எங்கய்யா தண்ணி? புழிஞ்சு காட்டு, பார்ப்போம்" என்று நிற்பார். பின்னால் இருக்கிற பெண்கள் எல்லாரும் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கூடவே நிற்பார்கள். பிள்ளைத்தாச்சிப் பெண் ஒருத்திக்கு அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், போட்டதற்காகச் சங்கத் தலைவரையும் கணக்கப்பிள்ளையையும் ஒரே நேரத்தில் உண்டு இல்லை என்று ஆக்கியதை அம்மா இன்றைக்கும் சொல்வார். 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்று ஆனதும், அந்த மாதத்திலிருந்து ஆபீஸ் ஜன்னலில் தன் சம்பளத்தைத் தானே போய் வாங்கினார். அதுவரைக்கும் பெண்களின் சம்பளத்தை வீட்டு ஆம்பிளைகள் கைநீட்டி வாங்குவதுதான் வழக்கம். முதலில் தாத்தா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு அவரே வரிசையில் அம்மாயிக்கு இடம் பிடித்துக் கொடுப்பார்.

74 பஞ்சத்தில் மரவள்ளிக் கிழங்கை அவித்து லயம் முழுவதுக்கும் பங்கு வைத்தது, 83 ஜூலைக் கலவரத்தில் இராத்திரிகளில் பிள்ளைகளைத் தேயிலைக்குள் படுக்க வைத்துக் காவல் இருந்தது, இதையெல்லாம் பெரியவர்கள்தான் சரியாகச் சொல்ல வேண்டும். எனக்கு அது கேட்ட கதை. தெரிந்தவர்கள் தயவுசெய்து இங்கே எழுதுங்கள். தமிழில் தட்டச்சு வராவிட்டால் குரலாகப் பேசி அனுப்புங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்.

இரண்டு விசயம் அவசரம்.

அம்மாயியின் தகரப் பெட்டியில் கூடலூரிலிருந்து வந்த கடிதங்கள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. மகள் அவற்றைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார். கூரை ஒழுகுகிற காம்பரா, இனி மழைக்காலம். தம்பி அடுத்த வாரம் போய் ஒவ்வொன்றையும் படம் எடுக்கப் போகிறான். நாம் எழுதிய கடிதங்கள் அந்தப் பக்கம் இருக்க வேண்டும். அவையும் கிடைத்தால் இரண்டையும் சேர்த்து வைக்கலாம். நம் தோட்டத்தில் யார் எப்போது பிறந்தார், யார் எங்கே போனார் என்பது அந்தத் தாள்களைத் தவிர வேறு எங்கேயும் இல்லை.

மற்றது, பதினாறாம் நாள் கருமாதி. தங்கச்சியின் பிள்ளைகளுக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை. தங்கச்சி தவறிய பிறகு அவர்கள் டான்டீ வீட்டை விட்டுக் கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டதாக ஒரு பேச்சு இருக்கிறது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் சொந்தம் உள்ளவர்கள் இன்றைக்கே விசாரித்துப் பாருங்கள். நம்பர் கிடைத்தால் குழுவில் போட வேண்டாம், எனக்கோ அம்மாயியின் மகளுக்கோ தனியாக அனுப்புங்கள். அவர்களால் வர முடியாவிட்டாலும் கருமாதி அன்று போனில் பேச வைக்கலாம் என்று மகள் சொல்கிறார்.