மட்டக்களப்பு ரன்வேல ஒழுங்கா இறக்க எந்த ஜாய்ஸ்டிக் நல்லம்?

கல்லடிப் பொடியன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் மைக்ரோசொஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 ஓட்டுறன், கூட எடுக்கிறது செஸ்னா கரவான் எண்ட சின்ன பிளேன், கொழும்புக்குப் பக்கத்து ரத்மலானைல ஏறி நம்மட மட்டக்களப்புல வந்து இறங்குறது. வாவிக்கு மேலால திரும்பி ரன்வேக்கு நேரா வாற அந்தக் கடைசி ரெண்டு நிமிசம் இருக்கே, அதுக்காகவே இந்த கேம வாங்கின நான். பிரச்சின என்னண்டா கையில கிடக்கிற ஜாய்ஸ்டிக் நடுவுல நிக்குதில்ல, கையெடுத்தாலும் பிளேன் இடப்பக்கம் சரியுது, மூக்கு தானா ஏறி இறங்குது. ரெண்டு வருசந்தான் பாவிச்ச. டெட்சோன, அதான் ஸ்டிக்க அசைச்சாலும் கேம் கணக்கெடுக்காத அந்த நடு இடத்த, கூட்டிக் கூட்டிப் பாத்தன், இப்ப கொஞ்சம் அசைச்சா ஒண்டும் நடக்குதில்ல, கூட அசைச்சா எகிறுது. காசு சேத்து வெச்சிருக்கன், இந்த முற நல்லதொண்டா எடுக்கோணும். பட்டன் கூட இருக்கிறதப் பாக்கிறதா, த்ரொட்டிலோட (எஞ்சின் பவரக் கூட்டிக் குறைக்கிற நெம்பு) சேந்த செட்டா எடுக்கிறதா? கரவானுக்கு கார் ஸ்டியரிங் மாதிரிப் பிடிக்கிற யோக்தான் சரியெண்டும் ஒராள் சொல்றார்.

காத்தான்குடி நானா:
தம்பி, பட்டன எண்ணாதீங்க. உள்ளுக்கு என்ன சென்சர் கிடக்கு எண்டத முதல்ல பாருங்க. விலை குறைஞ்சதுல அனேகமா பொட்டென்ஷியோமீட்டர்தான், பழைய ரேடியோல சத்தம் கூட்டிக் குறைக்கிற அதே சாமான். கார்பன் தடத்துல ஒரு சின்னக் கம்பி உரசி உரசிப் போகும், ஜாய்ஸ்டிக் கூடுதலா நிக்கிறது நடுவுல எண்டதால தேயுறதும் நடுவுலதான், அதான் உங்கட பிளேன் சரியுது. கடற்கரை வீடெண்டா உப்புக்காத்துக்கு உள்ளுக்கு இருக்கிற தொடுப்பெல்லாம் இன்னும் கெதியா பழுதாகும். கொன்டக்ட் கிளீனர் அடிச்சா கொஞ்ச நாளைக்கு ஓடும், மறுகா அதே கதைதான். ஹோல் எஃபெக்ட் சென்சர் எண்டா காந்தமும் சிப்பும், ஒண்டோடொண்டு முட்டாது, தேய என்ன கிடக்கு? உங்கட பழசையும் ஒருக்கா சோதிச்சுப் பாருங்க, விண்டோஸ்ல ரன் திறந்து ஜாய் டொட் சிபிஎல் எண்டு இங்கிலீசுல அடிச்சா ஒரு பெட்டி வரும், அதுல இருக்கிற கூட்டல் குறி கைபடாம இருக்கக்குள்ள நடுங்கினா விசயம் அதான். ஆரிட்டயும் செக்கன்ஹாண்ட் வாங்குறண்டாலும் இதப் பாக்காம காசு குடுக்காதீங்க.

அக்கரைப்பற்று விங்மேன்:
நானா சொன்னது நூத்துக்கு நூறு. நான் டிசிஎஸ் எண்ட கேம்ல சண்டைப் பிளேன் ஓட்டுறவன், ஆனா உங்களுக்கு த்ரஸ்ட்மாஸ்டர் வார்தொக் மாதிரி பாரமான ஜாய்ஸ்டிக் செட் தேவையில்ல, அது ஏ-10சி பிளேன்ட பிடியப் பாத்துச் செஞ்சது, அந்த ஸ்டிக்குல ட்விஸ்ட்டும் (பிடியத் திருகுறது) இல்ல, ரடருக்கு (மூக்க இடம் வலம் திருப்புற வால் தகடு) பெடல் வேற வாங்கோணும். உங்கட வேலைக்கு ரெண்டுதான் எனக்குப் படுது. ஒண்டு த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம், முன்பின் பக்கவாட்டுக்கு ஹோல் சென்சர், இடக்கைக்கும் மாத்தலாம், ஏ320 பயணிகள் பிளேன எடுத்து இடப்பக்க கெப்டன் சீட்டுல இருந்து ஓட்டக்குள்ள அந்த இடக்கை பழக்கம் தனிச் சுகம். ஆனா அதுல ட்விஸ்ட்டுக்கும் த்ரொட்டில் நெம்புக்கும் பொட்டென்ஷியோமீட்டர்தான், தெரிஞ்சு வாங்குங்க. மற்றது வி.கே.பி கிளாடியேட்டர் என்எக்ஸ்டி ஈவோ, அதுல ட்விஸ்ட்டும் முட்டாத சென்சர், ஸ்பிரிங்க மாத்தலாம், உள்ளுக்கு இருக்கிற கிளட்ச இறுக்கி பிடி எவ்வளவு கனக்கோணும் எண்டும் வெச்சுக்கலாம். விலை கூடத்தான். எண்டாலும் ஃப்ளேர் பண்ணக்குள்ள, அதான் தரை தொட முன்ன மூக்க மெதுவா தூக்கக்குள்ள, ஒரு மில்லிமீட்டர் இழுத்தா ஒரு மில்லிமீட்டருக்குத்தான் மூக்கு எழும்பும், அத ஒருக்கா கையில உணர்ந்தா மறுகா பழசத் தொட மாட்டீங்க. வலக்கை இடக்கை தனித்தனியா வரும், ஓடர் பண்ணக்குள்ள கவனம்.

யோக் உண்மையான கரவானுக்குச் சரிதான், ஆனா மேசையப் பிடிச்சிரும், நாளைக்கு வேற பிளேன் ஆசை வந்தா உதவாது.

கல்முனை அக்கா:
தம்பி, எத வாங்கினாலும் மேசைல சும்மா வெச்சு ஓட்டாதீங்க, இழுக்கக்குள்ள அடியே தூக்கும். நான் ஒரு பலகைல ஸ்குரு போட்டு கதிரைக் கையோட இறுக்கி வெச்சிருக்கன், முழங்கைய கதிரைக் கையிலயே ஊண்டினா கை நோவில்ல. மற்றது யூ.எஸ்.பி ஹப்ல குத்தாம நேரா கம்பியூட்டர்ட பின்பக்கம் குத்துங்க. புதுசுக்கு டெட்சோன கிட்டத்தட்ட பூச்சியத்துக்கு இறக்கிட்டு, கேம் செட்டிங்ல இருக்கிற சென்சிடிவிட்டி கோட்ட நடுவுல கொஞ்சம் படுக்க வைங்க, அப்ப சின்ன அசைவுக்கு பிளேனும் சின்னதாத்தான் அசையும், லேண்டிங்குக்கு அதான் வேணும். த்ரொட்டில் செட் இப்ப அவசரமில்ல, கரவானுக்கு ஒரு எஞ்சின்தானே, ஸ்டிக்குல இருக்கிற நெம்பு போதும்.

கல்லடிப் பொடியன்:
நானா, நீங்க சொன்ன பெட்டியத் திறந்து பாத்தன், கூட்டல் குறி நடுங்குறது மட்டுமில்ல, இடப்பக்கம் தள்ளியே நிக்குது. இவ்வளவு நாளும் எனக்குத்தான் இறக்கத் தெரியாதெண்டு நினைச்சிட்டு இருந்தன். அப்ப கிளாடியேட்டர்தான், வலக்கை, இன்னும் ரெண்டு மாசம் காசு சேத்தா எடுக்கலாம். விங்மேன் அண்ணன், ஸ்பிரிங் மெல்லிசு போடுறதா கனத்தது போடுறதா, கரவானுக்கு எது சரிவரும்?

அக்கரைப்பற்று விங்மேன்:
மெல்லிசுல தொடங்குங்க தம்பி, கிளட்ச கொஞ்சம் இறுக்கி வைங்க. கை பழகினாப் பிறகு மாத்தலாம். வந்தாப் பிறகு அம்பாறைப் பக்கம் கல்லோயா ரன்வேலயும் ஒருக்கா இறக்கிப் பாருங்க.