நிமோகாக்கஸ்: ஒரே இனத்துக்குள் இத்தனை வகைகள் எப்படி வந்தன?

கேள்வி (முதுகலை மாணவி):
நுண்ணுயிரியல் முதலாண்டு படிக்கிறேன். கருத்தரங்கில் நிமோகாக்கஸ் பற்றிப் பேச வேண்டும். இரண்டு இடங்களில் சிக்கிக்கொண்டேன். பல குழந்தைகளின் மூக்குத்தொண்டையில் எந்தத் தொல்லையும் தராமல் வாரக்கணக்கில் தங்கிவிட்டுப் போகும் இதே பாக்டீரியா, சிலருக்கு மட்டும் நிமோனியாவையும் மூளைக்காய்ச்சலையும் உண்டாக்குவது அதன் மரபணு வேறுபாட்டினாலா, நோயாளியின் உடல்நிலையினாலா? அடுத்து, செல்லைச் சுற்றியுள்ள சர்க்கரை உறையை வைத்துப் பிரிக்கப்படும் நூற்றுக்கும் மேற்பட்ட சீரோடைப்புகளும் (உறை வகைகளும்) ஒரே இனத்துக்குள் உருவாகச் சாதாரணப் பிறழ்வு (டிஎன்ஏவில் தானாக நேரும் மாற்றம்) மட்டும் போதுமா? உறை உள்ளது ஆபத்தானது, இல்லாதது ஆபத்தற்றது என்ற வரியோடு பாடநூல் நிறுத்திக்கொள்கிறது.

மறுமொழி 1 (மரபணு வாசகன்):
இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பிறழ்வு மட்டும் போதாது. நிமோகாக்கஸ் பிற செல்களின் டிஎன்ஏவைக் கடன் வாங்கியே வாழும் கிருமி. 1928இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் கிரிஃபித், கொல்லப்பட்ட உறையுள்ள கிருமிகளையும் உயிருள்ள உறையற்ற கிருமிகளையும் சேர்த்து எலிகளுக்குச் செலுத்தியபோது எலிகள் இறந்தன; அவற்றின் இரத்தத்தில் உறையுள்ள கிருமிகள் உயிரோடு கிடைத்தன. கைமாறிய பொருள் டிஎன்ஏ என்பதை 1944இல் ஏவரி, மெக்லியோட், மெக்கார்ட்டி மூவரும் காட்டினார்கள். வகுப்பில் இதை மரபியல் வரலாறாகப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். ஒரே மூக்கில் இரண்டு வகைகள் சேர்ந்து குடியிருக்கும்போது இன்றும் இதே பரிமாற்றம் நடக்கிறது.

நடக்கும் விதமும் சுவையானது. கிருமி வெளியிடும் ஒரு சிறு பெப்டைடு (குட்டிப் புரதத் துண்டு) சுற்றுப்புறத்தில் போதிய அளவு சேர்ந்ததும், அதை உணரும் செல்கள் டிஎன்ஏவை உள்ளிழுக்கும் கருவிகளைத் தயாரிப்பதோடு, அந்நிலையை எட்டாத அண்டைச் செல்களை உடைக்கும் நொதிகளையும் வெளியிடுகின்றன. உடைந்த செல்லிலிருந்து சிந்தும் டிஎன்ஏ, உடைத்தவருக்கே உணவும் கருவூலமுமாகிறது.

உறைக்கான மரபணுக்கள் பெரும்பாலான வகைகளில் குரோமோசோமின் ஒரே இடத்தில் வரிசையாக அமைந்திருப்பதால், அந்தத் துண்டு மொத்தமாக மாறினால் கிருமியின் பரம்பரை அப்படியே இருக்க, மேற்சட்டை மட்டும் மாறிவிடும். பெனிசிலின் பிணையும் புரதங்கள்தாம் அம்மருந்தின் இலக்கு; அவை மாறினால் மருந்து பலிக்காது. அவற்றின் மரபணுக்கள் இரண்டு அத்துண்டின் இருபுறமும் அருகிலேயே இருக்கின்றன. ஆகவே உறை மாற்றமும் மருந்து எதிர்ப்பும் ஒரே கடனில் சேர்ந்து வரலாம். 2011இல் வெளியான ஓர் ஆய்வு, பல மருந்துகளை எதிர்க்கும் ஒரே பரம்பரையைச் சேர்ந்த 240 மாதிரிகளின் மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டு, 700க்கும் மேற்பட்ட மறுசேர்க்கை நிகழ்வுகளை, அதாவது வெளி டிஎன்ஏ உள்ளே சேர்ந்த இடங்களை, கண்டது.

விளைவைத் தடுப்பூசி வரலாற்றில் பார்க்கலாம். 2000இல் அமெரிக்காவில் ஏழு வகைகளுக்கு எதிரான தடுப்பூசி வந்தபின், அதில் இல்லாத 19ஏ வகை பெருகியது. ஏற்கெனவே இருந்த 19ஏ பரம்பரைகள் விரிந்தது பெரும் பங்கு. 4ஆம் வகை உறையோடு இருந்த ஒரு பரம்பரை 19ஏ உறையை ஏற்றுத் தப்பியதும் அதோடு சேர்ந்தது. 2010இல் வந்த பதின்மூன்று வகைத் தடுப்பூசியில் 19ஏ சேர்க்கப்பட்டது.

மறுமொழி 2 (ஆய்வகத்தில் வேலை செய்பவர்):
நோயை உண்டாக்கும் வழிமுறையை நான் சொல்கிறேன். இரத்தம் கலந்த வளர்ப்பு ஊடகமான இரத்த அகார் தட்டில் முதல் நாள் மேடாக, பச்சை வளையத்தோடு தெரியும் காலனி (கிருமித் திரள்), மறுநாள் நடுவில் குழிந்து கேரம் காய் போலாகிவிடும். நடுவிலுள்ள மூத்த செல்கள் தம் செல்சுவரைத் தாமே கரைத்துக்கொண்டதன் தடயம் அந்தக் குழி. அப்படிச் சிதையும்போது நிமோலைசின் என்னும் நச்சு வெளிப்படுகிறது. அது நம் செல் சவ்வின் கொலஸ்டிராலைப் பற்றிக்கொண்டு, பல மூலக்கூறுகள் வளையமாகச் சேர்ந்து சவ்வில் துளையிடும்.

உறையோ இருமுனைக் கத்தி. தடித்த உறை இரத்தத்தில் நம் நோய் எதிர்ப்பின் பகுதிகளான நிரப்புப் புரதங்களிடமிருந்தும், கிருமிகளை விழுங்கும் விழுங்கணுக்களிடமிருந்தும் காக்கும். ஆனால் மூக்கின் செல்களில் ஒட்டவிடாது. எனவே ஒரே பரம்பரைக்குள்ளேயே மெல்லிய உறையோடு ஒளி ஊடுருவும் காலனிகளும், தடித்த உறையோடு ஒளி ஊடுருவாத காலனிகளும் மாறி மாறித் தோன்றுகின்றன; முந்தையவை மூக்கில் தங்கவும், பிந்தையவை இரத்தத்தில் பிழைக்கவும் ஏற்றவை. டிஎன்ஏவில் மெத்தில் குறியிட்டு (சிறு வேதி அடையாளம் ஒட்டி) மரபணுக்களின் செயலை மாற்றும் ஒரு நொதியின் மரபணு தன் துண்டுகளை இடம் மாற்றிக்கொண்டு ஆறு வடிவங்கள் எடுப்பதும் இதற்குக் காரணம் என்று 2014இல் காட்டினார்கள். இந்த மாற்றம் ஒரே குழாயில் வளர்த்த கிருமிகளுக்குள்ளும் நடக்கும் என்பதால், சீரோடைப்பை மட்டும் எழுதி வைப்பது அரைகுறைப் பதிவு என்பது என் கருத்து.

மறுமொழி 3 (மருத்துவர்):
மேலே இருவரும் சொன்னதை ஏற்கிறேன், ஆயினும் நோயாளியை மறந்துவிட்டார்கள். இரத்தத்திலிருந்து கிருமிகளை வடிகட்டும் மண்ணீரல் அகற்றப்பட்டவருக்குச் சாதுவான வகையும் உயிருக்கு ஆபத்தாகலாம். ஃபுளூ வைரஸ் மூச்சுக்குழாய்ச் செல்களின் மேலுள்ள சியாலிக் அமிலத்தை வெட்டி, நிமோகாக்கஸ் ஒட்டிக்கொள்ளும் இடங்களைத் திறந்துவிடுகிறது. 1918 ஃபுளூ மரணங்களில் பெரும்பாலானவற்றில் பின்தொடர்ந்த பாக்டீரியா நிமோனியாவின் கை இருந்தது. மறுபக்கம், 1ஆம் வகை ஆரோக்கியமானவர்களின் மூக்கில் அரிதாகவே அகப்படும், ஆனால் நோயாளியின் இரத்தத்தில் அதைவிடப் பன்மடங்கு காணப்படும். ஆக, வகையும் பேசுகிறது, உடலும் பேசுகிறது.

முதுகலை மாணவி:
மூவருக்கும் நன்றி. அப்படியானால் உறையற்றது ஆபத்தற்றது என்ற வரியை என் உரையிலிருந்து எடுத்துவிடலாமா?

மறுமொழி 2 (ஆய்வகத்தில் வேலை செய்பவர்):
எடுக்க வேண்டாம், இரத்தத்தைப் பற்றிய வரியாகத் திருத்துங்கள். உறையற்ற வகைகள் இரத்தத்தில் அரிதாகவே பிழைக்கின்றன. ஆனால் கண்ணின் வெண்படலத்தில் தொற்றை உண்டாக்கிக் கூட்டங்கூட்டமாகப் பரவியிருக்கின்றன. உறை வீங்குவதைப் பார்த்து வகை பிரிக்கும் சோதனையில் இவை எதற்கும் அகப்படாமல் ‘வகைப்படுத்த இயலாதவை’ என்ற பெட்டிக்குள் போய்விடும். அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு.