தேர்தல் முடிவைத் தீர்மானிப்பது யார்: பதிவு எழுதியவர்களா, பூத் பார்த்தவர்களா? உங்கள் அனுபவம் என்ன?

பழைய பதிவர், மயிலாடுதுறை:
2009 நாடாளுமன்றத் தேர்தல் சமயத்தில் நான் வலைப்பூ எழுதிக்கொண்டிருந்தேன். ஈழத்தில் போர் உச்சத்தில் இருந்தது. வலைப்பூக்களைத் திரட்டிக் காட்டும் தமிழ்மணம் தளத்தைத் திறந்தால் காங்கிரஸ் மீதும் திமுக மீதும் கோபமான இடுகைகள்தான். நானும் ராத்திரி ஒரு மணி வரை தட்டுவேன். பின்னூட்டம் நூறைத் தாண்டினால் ஆட்சியே கவிழ்ந்துவிட்ட மாதிரி ஒரு நினைப்பு.

மே 16 வாக்கு எண்ணிக்கை. தமிழ்நாட்டின் 39 இடங்களில் 27 அந்தக் கூட்டணிக்கே போயின. ஆனால் எங்கள் தொகுதியில் மணிசங்கர் ஐயர் தோற்றார். ஈரோட்டில் இளங்கோவன், சேலத்தில் தங்கபாலு. மூவரும் காங்கிரஸ்காரர்கள். எனக்கு அந்த மூன்று போதுமானதாக இருந்தது. எழுத்தின் வலிமை என்று மறுநாளே ஒரு பதிவு போட்டுவிட்டேன்.

பெரியப்பா முப்பது வருடம் தேர்தல் வேலை பார்த்தவர். பதிவை அச்செடுத்து அவரிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டு முழுசும் படித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கே தம்பி. ஆனா மாம்பழம் அந்தப் பக்கம் போனன்னிக்கே இங்க கணக்கு உதைக்க ஆரம்பிச்சிடுச்சு" என்றார். பாமக அதிமுக கூட்டணிக்குப் போயிருந்தது. தொகுதி மறுசீரமைப்பில் குத்தாலம் சட்டமன்றத் தொகுதியே காணாமல் போயிருந்தது. இதில் ஒன்றுகூட என் பதிவுகளில் இல்லை. அவருடைய நோட்டில் தெருத்தெருவாக இருந்தது: எந்த வீட்டில் எத்தனை ஓட்டு, யார் திருப்பூரில் வேலைக்குப் போயிருக்கிறார், அன்றைக்கு ஊருக்கு வருவாரா மாட்டாரா.

ஈழத்துக் கோபத்துக்கு அந்தத் தோல்விகளில் பங்கே இல்லை என்று இன்றும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆனால் அந்தக் கோபம் என்னைப் படித்து வந்தது இல்லை. சரி, உங்களுக்கு என்ன நடந்தது?

சர்வேக்காரி:
அண்ணா, 2021 தேர்தலில் நான்கு மாதம் ஒரு ஆலோசனை நிறுவனத்தில் இருந்தேன். பெயர் வேண்டாம், கடைசி மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை. திமுகவுக்குப் பிரசாந்த் கிஷோரின் ஐபேக் என்ற தேர்தல் ஆலோசனை நிறுவனம் வேலை பார்த்த தேர்தல் அது. அவர்களைத் தவிர எங்களை மாதிரிச் சின்னக் கூட்டங்களும் ஊருக்கு ஊர் சுற்றிக்கொண்டிருந்தோம். கட்சிக்காரர்கள் எங்களை 'லேப்டாப் பிள்ளைங்க' என்பார்கள். மரியாதையோடு சொல்வதாக நினைத்துவிடாதீர்கள்.

காலை ஏழு மணிக்குள் யூடியூபிலும் முகநூலிலும் யார் என்ன பேசினார்கள் என்று அறிக்கை அனுப்ப வேண்டும். மேலே இருந்தவர் இருபது வருட அனுபவசாலி. லட்சம் பேர் பார்த்த வீடியோ என்றாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "இதுல நம்ம தொகுதிக்காரன் எத்தனை பேர்?" எனக்குப் பதில் தெரியாது. அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

ஒரே ஒரு தடவை நாற்காலியை விட்டு எழுந்தார். எண்ணூறு பேர்தான் பார்த்திருந்தார்கள். உள்ளூர்ப் பையன் ஒருவன், கட்டி இரண்டு வருடமாகியும் தண்ணீர் ஏறாத மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே நின்று பேசியிருந்தான். அன்று சாயங்காலம் வேட்பாளரின் வண்டி அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. ரூட்டை மாற்றிவிட்டார்கள்.

ஷார்ஜாவிலிருந்து திரும்பியவன்:
என் நண்பன் யூடியூபில் அரசியல் பேசுபவன். அறுபதாயிரம் சந்தாதாரர்கள். 2022 உள்ளாட்சித் தேர்தலில் வார்டு கவுன்சிலருக்கு நின்றான். 43 ஓட்டு. "கமெண்ட் போடுறவன்ல பாதிப் பேரு சிங்கப்பூர்லயும் துபாய்லயும்ல இருக்கான்" என்று என்னிடமே புலம்பினான். நானும் அப்போது ஷார்ஜாவில்தான் இருந்தேன்.

பழைய பதிவர், மயிலாடுதுறை:
தேர்தல் வியூகக்காரர்களுக்கும் அதே கதிதான் தம்பி. ஊருக்கெல்லாம் வெற்றி வாங்கிக் கொடுத்த பிரசாந்த் கிஷோர் 2025இல் பீகாரில் சொந்தக் கட்சியை இறக்கினார். ஓரிடம்கூட வரவில்லை.

நெல்லை பூத் ஏஜென்ட்:
ரெண்டு பேரையும் விடுங்க. 2016இல் எங்கள் பக்கத்து ராதாபுரம் தெரியும்தானே? அதிமுகவின் இன்பதுரை வெறும் 49 வாக்கில் ஜெயித்தார், திமுகவின் அப்பாவு தோற்றார். 203 தபால் வாக்குகளைச் செல்லாது என்று ஒதுக்கியிருந்தார்கள். தபால் வாக்கோடு வைக்கும் உறுதிமொழிப் படிவத்தில் சான்றொப்பம் போட்டவர்கள் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர்கள், அவர்களுக்கு அந்த அதிகாரம் கிடையாது என்பதுதான் காரணம். வழக்கு நடந்து, 2019இல் உயர் நீதிமன்றம் மறுபடி எண்ணச் சொன்னது. எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது.

எந்தப் பதிவர் அந்தப் படிவத்தைப் பற்றி எழுதினார்? எந்த வியூகக்காரர் அதைத் தன் கணக்கில் வைத்திருந்தார்? எங்கள் மதினி பள்ளிக்கூட வாத்தியார், தேர்தல் வேலைக்குப் போவதால் தபால் வாக்குப் போடுகிறவர். அதற்கப்புறம் ஒவ்வொரு தேர்தலுக்கும் போன் போட்டு அவரிடம் நான் கேட்பது இதுதான்: "மதினி, படிவத்துல கையெழுத்து யாருகிட்ட வாங்குனிய?"